கீழே நின்ற மஞ்சள் பட்டை

அந்த ஃபேனைக் கொஞ்சம் குறைச்சு வைங்க சார். நீங்க எழுதுற பேப்பர் பறக்குது, நான் சொல்றதுல பாதி ஜன்னலுக்கு வெளியே போயிடும். எழுத்து ஒழுங்கா ஒரு இடத்துல நிக்கணும் எனக்கு. இருபத்திரெண்டு வருஷமா அதுதான் என் தொழில்.

எங்களுது ஒரு இலவச சேனல். கேபிள் வேண்டாம், மாசக் கட்டணம் வேண்டாம், மொட்டை மாடியில ஒரு ஆன்டெனா நட்டா போதும். நாள் முழுக்க அறிவியல் புனைகதை மட்டும்தான். விண்கலம், வேற்றுக்கிரக ஆளுங்க, காலத்துல பின்னாடி போறவன், புத்தி கெட்டுப்போன ரோபோ. சமையல் கிடையாது, மாமியார் மருமக சண்டை கிடையாது. மாமியாரே வந்தாலும் வேற கிரகத்திலேர்ந்துதான் வருவா. ராக்கெட் டிவின்னு சொல்வாங்க. ஆத்தோரத் தெருவுல அத்தனை வீட்லயும் எங்க சேனல்தான் ஓடும். என் தம்பி வீடு அங்கேதான்.

என் வேலை திரையில வர்ற எழுத்து. அடுத்து என்ன நிகழ்ச்சி, எத்தனை மணிக்கு, பேரிடர் அலுவலகத்திலேர்ந்து எச்சரிக்கை வந்தா அது. இதுல எங்க சேனலுக்குன்னே ஒரு தொல்லை உண்டு. எங்க கதையில பாதிக்கு மேல ஊர் அழியும். கதைக்குள்ளேயே ஒருத்தர் செய்தி வாசிப்பார், 'மக்கள் உடனே வெளியேறவும்'னு எழுத்து ஓடும். நடுவுல டிவி போடறவங்களுக்கு எது கதைன்னு எப்படித் தெரியும்? ஆரம்பத்துல போன் மேல போன் வந்து காது புண்ணாப் போச்சு. அதனால மேலாளர் ஒரு விதி போட்டார். அழிவுக் காட்சி வர்ற நிகழ்ச்சி முழுக்கத் திரைக்குக் கீழே மஞ்சள் பட்டை ஒண்ணு நிக்கணும். 'இது கற்பனை. அஞ்ச வேண்டாம்.' நிஜ எச்சரிக்கை வந்தா முதல்ல பட்டையை எடுக்கணும், அப்புறம்தான் எச்சரிக்கையை மேலே போடணும். எடுக்கறதுக்கு ஒரே ஒரு பட்டன். நிகழ்ச்சி முடிஞ்சா அது தானாவே போயிடும். இதை ஞாபகம் வெச்சுக்கோங்க, பின்னாடி வேணும்.

ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி ஒரு தடவை அப்படி எடுத்தேன். ஆத்துல வெள்ளம் வருதுன்னு தாள் வந்தது, ரெண்டு பக்கம். ரெண்டாவது பக்கத்துல 'ஒத்திகை மட்டும், ஒளிபரப்ப வேண்டாம்'னு இருந்திருக்கு. நான் முதல் பக்கத்தோட எழுந்து ஓடினேன். பட்டையை எடுத்தேன், எச்சரிக்கையைப் போட்டேன். ஆத்தோரத் தெரு மொத்தமும் கிளம்பி மேட்டுக்கு ஓடிச்சு. ஒருத்தர் மூஞ்சியில பாதி சோப்பு நுரையோட. ஒருத்தர் டிவியையே தூக்கிக்கிட்டு. என் தம்பி மகளைத் தோள்ல உட்கார வெச்சுக்கிட்டு, இடது கால்ல தன் செருப்பு, வலது கால்ல பொண்டாட்டி செருப்பு. வானத்துல ஒரு மேகம்கூட இல்ல.

மானம் கப்பலேறிப் போச்சு சார். 'எங்கள் பணியாளரின் கவனக்குறைவுக்கு வருந்துகிறோம்'னு மூணு நாள் திரையில ஓடிச்சு. அதை டைப் அடிச்சவளும் நான்தான். தம்பி எனக்குப் பிரளயம்னு பேர் வெச்சான். ஒரு நாள் நான் அவன் வீட்ல மறந்துட்டுப் போன சாப்பாட்டு டப்பாவைக் கொண்டாந்து குடுக்க ஆபீசுக்கு வந்தவன், வாசல்ல நின்னு 'பிரளயம் இருக்காங்களா?'ன்னு கேட்டான். அன்னியிலேர்ந்து ஆபீஸ் முழுக்க அதே பேர். நான் உள்ளே நுழைஞ்சா எவனாவது குடையை விரிப்பான். கல்யாணமோ சாவோ, நாலு சொந்தக்காரங்க கூடினா போதும், தம்பி அந்தச் செருப்புக் கதையை ஆரம்பிச்சுடுவான். அவன் மனசுல ஒண்ணும் கிடையாது. அம்மா போனப்புறம் நான் வளர்த்த பிள்ளை, செல்லம் ஜாஸ்தி. நானும் கூடச் சேர்ந்து சிரிப்பேன். சிரிச்சுட்டு வீட்டுக்கு வந்து சுவத்தைப் பார்த்துப் படுத்துக்குவேன்.

இதை எதுக்குச் சொல்றேன்னா, நான் கெட்டவ இல்லன்னு காட்டறதுக்கு இல்ல. ஒரு ஆளுக்கு எவ்வளவு சின்ன விஷயம் போதும்னு காட்டறதுக்கு.

அந்த ஞாயித்துக்கிழமைக்கு வரேன். எங்க ரூம்ல ரெண்டே பொம்பளைங்க. நான் பெரியவ, அவ சின்னவ. ஆபீஸ்ல அப்படித்தான் கூப்பிடுவாங்க. சின்னவளுக்கு நாலு மணி வரைக்கும் வேலை, அதுக்கப்புறம் எனக்கு. நான் மூணரைக்கே போயிட்டேன். அவளுக்குப் பல்வலி, கன்னம் பொம்முன்னு வீங்கிக் கிடந்தது. 'நீ போய்ப் படும்மா, நான் பார்த்துக்கறேன். நாலு மணிக்கு டூட்டி நோட்டுல எழுதிக்கறேன்'னு அனுப்பிட்டேன். நாங்க ஒருத்தருக்கு ஒருத்தர் இப்படி விட்டுக்கொடுக்கறது வழக்கம். 'நீங்க தெய்வம்க்கா'ன்னு சொல்லிட்டுப் போனா.

அப்போ ஓடினது பச்சைப் புகைத் தொடர். வேற கிரகத்துக்காரங்க பூமி மேல பச்சைப் புகையை விடுவாங்க, ஜனங்க நிலவறைக்குள்ள ஒளிஞ்சுப்பாங்க. கீழே மஞ்சள் பட்டை நிக்குது. சரியா மூணு நாற்பத்தாறுக்கு எச்சரிக்கை மெஷின் மணி அடிச்சது. தண்ணி சுத்தம் பண்ற நிலையத்துல குளோரின் தொட்டி உடைஞ்சு போச்சு, மஞ்சளும் பச்சையுமா புகை தாழ்வான தெருக்களுக்கு இறங்குது, எல்லாரும் உடனே மேட்டுக்குப் போகணும். ஒரே பக்கம். திருப்பித் திருப்பிப் பார்த்தேன், ரெண்டாவது பக்கம் இல்ல. எனக்குச் சிரிப்பு வந்தது சார், நெஜமாவே. திரையிலயும் பச்சைப் புகை, கையிலயும் பச்சைப் புகை. யாரோ ஆபீஸ்ல விளையாடறாங்கன்னு ஒரு நிமிஷம் தோணிச்சு.

பேரிடர் அலுவலகத்துக்குப் போன் போட்டு உறுதி பண்ணிக்கணும்னு விதி. போட்டேன். லைன் கிடைக்கல. அதுக்காக எச்சரிக்கையைப் போடாம இருக்க முடியாது, அதுவும் விதிதான். திரைக்கு மேலே போட்டேன். கீழே பட்டையை எடுக்கணும். பட்டன் மேல விரலை வெச்சேன். குடை விரியற சத்தம் காதுல கேட்டுச்சு.

எடுக்கல.

மறந்துட்டேன்னு நினைச்சுடாதீங்க. விசாரணையில எல்லாரும் அதை 'மறதி'ன்னு எழுதியிருக்காங்க, சின்னவ பல்வலியில மறந்துட்டான்னு. மறதி இல்ல. நான் யோசிச்சு வெச்சது. எச்சரிக்கை நிஜமா இருந்தா, மேலே போட்டுட்டேன். பொய்யா இருந்தா, கற்பனைன்னு கீழே இருக்கு. எப்படிப் போனாலும் என்னை ஒருத்தரும் ஒண்ணும் சொல்ல முடியாது. அப்போ எனக்கு அது ரொம்பப் புத்திசாலித்தனமா தெரிஞ்சுது. இப்போ சொல்லும்போது நாக்கைப் பிடுங்கிக்கலாம் போல இருக்கு.

மூணு நாற்பத்தொம்பதுக்குத் தம்பி என் கைபேசிக்குக் கூப்பிட்டான்.

"அக்கா, மேலே குளோரின்னு வருது, கீழே கற்பனைன்னு நிக்குது. எதைக்கா நம்பறது?"

"ஏன், உனக்குப் படிக்கத் தெரியாதா? கீழே என்ன எழுதியிருக்கு?"

"படிச்சேன். இருந்தாலும் உன் வாயால ஒரு தடவை கேட்டுக்கலாம்னு."

"கற்பனைன்னு போட்டிருக்கு இல்ல? அப்புறம் என்ன?"

சிரிச்சான். "அப்போ செருப்பைத் தேட வேண்டாம். சரி பிரளயம், நான் படத்தைப் பார்க்கறேன்."

அவ்வளவுதான் பேச்சு. நான் பொய் சொல்லலன்னு மூணு வாரம் எனக்கு நானே சொல்லிக்கிட்டு இருந்தேன். திரையில இருந்ததைப் படிக்கச் சொன்னேன், அவ்வளவுதானேன்னு. அந்தத் திரையில எழுதினவ யாருன்னு மட்டும் நினைச்சுப் பார்க்க மாட்டேன்.

நாலு மணிக்குத் தொடர் முடிஞ்சது, பட்டை தானா போச்சு. நாலு அஞ்சுக்கு நோட்டுல கையெழுத்துப் போட்டேன். ஆத்தோரத் தெருவுல ஒன்பது பேர் சார். தம்பி நாற்காலியிலேயே இருந்தானாம். கதவை உடைச்சு உள்ளே போனப்பக்கூட டிவி ஓடிக்கிட்டே இருந்ததுன்னு தீயணைப்புக்காரர் சொன்னார். அவன் பொண்டாட்டியும் மகளும் பள்ளிக்கூட நோட்டு வாங்க மேட்டுக் கடைக்குப் போயிருந்ததால பிழைச்சாங்க.

அன்னிக்கு ஆஸ்பத்திரி வராந்தாவுல தம்பி பொண்டாட்டி என் கையைப் பிடிச்சுக்கிட்டு அழுதா. "எதுன்னாலும் முதல்ல உங்களைத்தானே அண்ணி கேட்பார். அன்னிக்கு ஏன் கேட்காம போனார்?"

"கேட்டிருப்பான்மா. லைன் கிடைச்சிருக்காது." வாய் கூசாம சொன்னேன். குழந்தை என் மடியில தூங்கிக்கிட்டு இருந்தா. அவளோட தலையைத் தடவிக் குடுத்துக்கிட்டே சொன்னேன்.

மறுநாள் நீங்க வந்து நோட்டைப் பார்த்தீங்க. நாலு மணி வரைக்கும் சின்னவ பேர். அவ போயிட்டதா சொன்னா. அழுதா, சத்தியம் பண்ணினா. நான் நாலு மணிக்குத்தான் வந்தேன்னு சொன்னேன். மூணு தடவை கேட்டீங்க, மூணு தடவையும் சொன்னேன். 'எங்கள் பணியாளரின் கவனக்குறைவுக்கு வருந்துகிறோம்'னு மறுபடியும் ஓடணும்னு மேலாளர் சொன்னார். போன தடவை அடிச்சது மெஷின்லயே இருந்தது, எடுத்துப் போட்டேன். சின்னவளை நீங்க கூட்டிக்கிட்டுப் போனப்ப என்னைத் திரும்பிப் பார்த்தா. அப்பவும் கன்னம் வீங்கித்தான் இருந்தது.

முந்தாநாள் தம்பி பொண்டாட்டி என் வீட்டுக்கு வந்தா. பக்கத்து வீட்டுத் தையல்காரருக்கு இப்போதான் பேச்சு வந்திருக்காம், ஆஸ்பத்திரியில போய்ப் பார்த்திருக்கா. அன்னிக்குத் தெருவே வாசல்ல வந்து நின்னு என்ன பண்றதுன்னு தெரியாம முழிச்சிருக்காங்க. தம்பி வெளியே வந்து, 'உள்ளே போங்கப்பா, எங்க அக்காவையே கேட்டுட்டேன், கதைதான்'னு சொன்னானாம். டிவி ஆபீஸ்ல இருக்கறவளே சொல்லிட்டான்னு எல்லாரும் உள்ளே போயிட்டாங்களாம். அவன் மட்டும் இல்ல சார், மிச்ச எட்டுப் பேரும் நான் சொன்னதுக்குத்தான் உள்ளே போனாங்க.

அவ என்னைத் திட்டல, மண்ணை வாரித் தூத்தல. ஆஸ்பத்திரியில குடுத்த பிளாஸ்டிக் பையிலேர்ந்து அவன் கைபேசியை எடுத்தா. சார்ஜ் போட்டு வெச்சிருந்தா. கடைசியா கூப்பிட்டது 'பிரளயம் அக்கா', மூணு நாற்பத்தொம்பது, நாற்பத்தெட்டு நொடி. "இதை நீங்களே வெச்சுக்கோங்க அண்ணி"ன்னு மேசை மேல வெச்சுட்டுப் போனா. இதோ, இதுதான் அது.

நானா மனசு திருந்தி வந்தேன்னு எழுதாதீங்க. மாட்டிக்கிட்டப்புறம் வந்திருக்கேன்.

இன்னொண்ணு. முன்னாடி பேரிடர் அலுவலகத்துக்கு லைன் கிடைக்கலன்னு சொன்னேன். அதை அடிச்சுடுங்க. முதல் தடவை கிடைக்கல, தம்பி போனை வெச்சப்புறம் மறுபடி போட்டேன். மூணு அம்பத்தொண்ணுக்கு எடுத்தாங்க. எங்க சேனல்லேர்ந்து ஒரு பொம்பளைக் குரல் பேசினதா அங்கே பதிவு இருக்கு. சின்னவ குரல்னு நீங்க எழுதி வெச்சிருக்கீங்க. அது என் குரல். 'நிஜம்தாம்மா, என் கண்ணால பார்க்கறேன், சீக்கிரம் போடுங்க'ன்னு அந்த ஆள் கத்தினார். சரின்னு சொல்லி வெச்சேன். சின்னவளை இன்னிக்கே வீட்டுக்கு அனுப்பிடுங்க.

அப்புறம் ஒன்பது நிமிஷம் இருந்தது. பட்டன் கைக்கிட்ட, கைபேசி மடியில. நடுவுல பட்டையை எடுத்தா, இத்தனை நேரம் தப்பா நின்னது ஊருக்கே தெரிஞ்சுடும். நாலு மணிக்குத் தானா போயிடும், யாருக்கும் தெரியாதுன்னு உட்கார்ந்திருந்தேன். தம்பியைத் திருப்பிக் கூப்பிட்டா, 'நான் சொன்னது தப்புடா, ஓடு'ன்னு சொல்லணும். அவன் ஓடியிருப்பான் சார். தெருவையே கூட்டிக்கிட்டு ஓடியிருப்பான். மேட்டுல நின்னு மூச்சு வாங்கிட்டு, அப்புறம் ஆயுசு பூரா நாலு பேர் கூடின இடத்துல எல்லாம் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிச்சிருப்பான். அந்தச் சிரிப்புக்குப் பயந்துதான் நான் கூப்பிடல.