பேன் ஓடுது

அம்மா: டீச்சருக்கு நீங்க சொன்ன பதிலை இவகிட்டயும் சொல்லுங்க. பாவம், இவளும் சிரிக்கட்டும்.

அப்பா: அதை விடேன். தெருவுல பாதிப் பேர்கிட்ட சொல்லிச் சிரிச்சாச்சு.

மகள்: எனக்கு யாரும் சொல்லலையே. சொல்லுங்கப்பா.

அப்பா: நீ முதல்ல தலையை ஆட்டாம உக்காரு. சீப்பு நழுவுது.

அம்மா: நானே சொல்றேன். டீச்சர் போன் பண்ணப்ப நான் குளிச்சுக்கிட்டிருந்தேன். உங்கப்பாதான் எடுத்தாரு. லைன் சரியில்ல, விட்டு விட்டுக் கேட்டிருக்கு. ‘சார், பேன் ஓடுது சார், கொஞ்சம் கவனிங்க’ன்னிருக்காங்க.

மகள்: ம்...

அம்மா: இவரு என்ன சொன்னாரு தெரியுமா? ‘ஓடட்டும் டீச்சர், வெயில் காலம்தானே... நிறுத்திடாதீங்க.’

மகள்: ஐயோ, அப்பா...

அப்பா: சிரிங்க, நல்லா சிரிங்க. கப்பல்ல இன்ஜின் ரூமுக்குள்ளயே கிடக்கிறவனுக்குப் பேன்னா அதுதான் ஞாபகம் வரும். அங்க பேன் நின்னா ஆளே வெந்துடுவான்.

அம்மா: அதோட விட்டாரா? அவங்க ‘சார், உங்க பொண்ணு தலையில’ன்னு ஆரம்பிச்சிருக்காங்க. ‘தலைக்கு மேலதானே டீச்சர், காத்து நல்லா வரும்’னு...

மகள்: அதான் டீச்சர் என்னைப் பார்த்தாலே வாயைப் பொத்திக்கிறாங்களா?

அப்பா: தலை, தலை. ஆட்டாதேன்னு சொன்னேன்.

மகள்: சிரிப்பு வந்தா ஆடத்தானே செய்யும்?

அம்மா: கேட்டுக்குங்க. வாலுக்கு வாய் நீளுது.

அப்பா: உன் வளர்ப்பு. நான் எங்க இருந்தேன்?

அம்மா: அதைச் சொல்லுங்க...

மகள்: அப்பா, இன்னிக்குக் கண்டிஷனர் ரொம்ப ஊத்திட்டீங்க. காதுக்குள்ள வழியுது.

அப்பா: ஊத்தினாத்தான் முடி வழவழன்னு இருக்கும். காஞ்ச தலையில சீவினா அதுங்க ஓடிடும். ஈரத்துல ஓட முடியாது, அப்படியே பிடிச்சுக்கிட்டு நிக்கும். நிக்கிறதை சீப்பு வாரிக்கிட்டு வந்துடும்.

அம்மா: அதுவும் எப்படி, நாலு பாகமா வகிடு எடுத்து, பாகத்துக்கு ஒரு கிளிப்பு மாட்டி... மிஷினைக் கழட்டி மாட்டுற மாதிரியில்ல பண்றாரு.

அப்பா: அரைகுறையா பார்த்தா எந்த வேலையும் திரும்ப வந்து நிக்கும்.

மகள்: எதிர்வீட்டு ஆன்ட்டி சொன்னாங்க, இப்படி தினம் உக்கார வேண்டாமாம். கரப்பானுக்கு அடிப்பாங்கல்ல, அந்த மருந்தை ஒரு மூடி தலையில தடவித் துணியைக் கட்டிட்டா ஒரே ராத்திரியில போயிடுமாம்.

அப்பா: யாரு சொன்னது?

அம்மா: அவதான். நேத்து என்கிட்டயும் சொன்னா. அவ பிள்ளைக்கு அப்படித்தான் பண்ணினாளாம்.

அப்பா: கரப்பானைக் கொல்றதைக் குழந்தை தலையில ஊத்தறதா? நீ என்ன சொன்ன?

அம்மா: நானா? ‘என் வீட்டுக்காரர் லீவுல இருக்காரு, ஒவ்வொண்ணா பிடிச்சுக்கிட்டிருக்காரு, அவர் சந்தோஷத்தைக் கெடுக்காதே’ன்னேன்.

அப்பா: விளையாட்டு இல்லம்மா. போன வருஷம் கடையில வாங்கின மருந்துக்கே இவ தலை புண்ணாகிப் போச்சுன்னு போன்ல அழுதியே. நீ வேற இப்ப வயித்துல ஒண்ணை வச்சிருக்க. ரெண்டு பேரும் ஒரே கட்டில்ல படுக்கிறீங்க. அந்த நாத்தத்தை யாரு மூச்சுல இழுக்கறது?

அம்மா: சரி சரி, எனக்கும் அதே பயம்தான். எதிர்வீட்டுக்காரிகிட்டயும் சொல்லிட்டேன், இனிமே அப்படிப் பண்ணாதேன்னு. மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிட்டா.

அப்பா: வச்சுக்கட்டும். ஆங்... இரு இரு. மாட்டிக்கிச்சு.

மகள்: பெருசா?

அப்பா: ம், பெருசுதான்.

மகள்: காட்டுங்க.

அப்பா: சோப்புத் தண்ணியில போட்டாச்சு.

மகள்: தினமும் இதையே சொல்றீங்க. ஒரு தடவையாவது காட்டினா என்ன?

அப்பா: அதென்ன தங்கமா, காட்டுறதுக்கு?

அம்மா: எனக்கு ஒரு சந்தேகங்க. காலையில நான்தான் இவளுக்குப் பின்னல் போடறேன். என் கண்ணுல ஒண்ணுகூடப் படலையே.

அப்பா: உனக்குக் கண்ணாடி மாத்தணும்.

அம்மா: ஈர்கூடத் தெரியல.

அப்பா: கண்டிப்பா மாத்தணும்.

மகள்: அப்பா சொன்னா சரியாத்தான் இருக்கும்மா. அரிக்குது. இங்க... இங்கயும்.

அம்மா: என்னமோ போங்க. ரெண்டு பேரும் ஒண்ணு சேர்ந்துட்டீங்க. நான் போயி அந்தத் தலையணை உறையெல்லாம் வெந்நீர்ல ஊறப் போடறேன்.

அப்பா: பாத்திரத்தைத் தூக்காதே. காலு வீங்கியிருக்கு. நான் வந்து ஊத்தறேன், நீ சும்மா உக்காரு.

அம்மா: உக்காந்து உக்காந்து இடுப்பு போச்சு... ஏங்க, உங்க போன் அடிக்குது பாருங்க.

அப்பா: யாரு?

அம்மா: கப்பல் ஆபீஸ்.

அப்பா: குளிக்கிறேன்னு சொல்லு.

அம்மா: நேத்தும் குளிச்சீங்க, முந்தாநேத்தும் குளிச்சீங்க. மீனுகூட இவ்வளவு நேரம் தண்ணியில இருக்காது.

அப்பா: கையெல்லாம் வழவழன்னு இருக்கு, போனைப் பிடிக்க முடியுமா? சொல்லும்மா.

அம்மா: ஹலோ... ஆமாங்க, அவர் வீடுதான்... குளிக்கிறாருங்க... ஆமா, இப்பவும்தான்... சொல்றேங்க... திங்கட்கிழமையா... சரிங்க, கண்டிப்பா சொல்றேன்.

அப்பா: என்னவாம்?

அம்மா: திங்கட்கிழமைக்குள்ள வர்றீங்களா இல்லையான்னு சொல்லணுமாம். இல்லேன்னா அந்தக் கப்பலுக்கு வேற ஆளைப் போட்டுடுவாங்களாம்.

அப்பா: ம்.

அம்மா: என்ன ம்? இப்ப போனாத்தான் பிரசவ நேரத்துக்கு லீவு கிடைக்கும்னு நீங்கதான் சொன்னீங்க. அப்ப நீங்க கூட இல்லேன்னா நான் தனியா என்ன பண்றது?

அப்பா: தெரியும்மா.

அம்மா: ‘இவ தலை சுத்தமாகட்டும், உன்னால குனிஞ்சு உக்காந்து பார்க்க முடியாது, முடிச்சுக் குடுத்துட்டுக் கிளம்பறேன்’னீங்க. அது முடியற வழியாத் தெரியல. கப்பல் அதுக்காக நிக்குமா?

அப்பா: பார்க்கறேன்.

அம்மா: பாருங்க, பாருங்க. அடுப்பைப் போயி நான் பார்க்கறேன்.

அப்பா: என்ன, சத்தத்தையே காணோம்? வலிக்குதா?

மகள்: இல்ல.

அப்பா: சிக்கு இருந்தா சொல்லு. மெதுவா எடுக்கறேன்.

மகள்: நீங்க மெதுவாத்தான் எடுக்கறீங்க. அம்மா சீவினா கண்ணுல தண்ணி வந்துடும். சோடாபுட்டி அம்மாவும் அப்படித்தானாம்.

அப்பா: சோடாபுட்டியா? யாரு, உன் பக்கத்துல உக்காருமே, தடிக் கண்ணாடி போட்ட பொண்ணு, அவளா?

மகள்: ம். அவளே அவளை அப்படித்தான் சொல்லிக்குவா. அவ அவங்கப்பாவை வா, போன்னுதான் பேசுவா. ஒருநாள் வாடான்னுகூடச் சொன்னா.

அப்பா: அடி விழலையா?

மகள்: அவர் சிரிக்கறாரு.

அப்பா: நீ மட்டும் ஏன் எனக்கு இவ்வளவு மரியாதை குடுக்கற? வாங்க, போங்க, சாப்பிடுங்க...

மகள்: அவங்கப்பா தினமும் வீட்டுக்கு வர்றாரு.

அப்பா: அதனால?

மகள்: தினம் வர்றவங்களை நீன்னு சொல்லலாம். நீங்க வருஷத்துக்கு ஒரு தடவை வர்றீங்க. விருந்தாளிங்களை எப்படி நீன்னு சொல்றது...

அப்பா: இரு, சீப்பைத் துடைச்சுக்கறேன்.

மகள்: தப்பா சொல்லிட்டேனா?

அப்பா: இல்ல கண்ணு. தப்பு இல்ல. கொஞ்சம் இந்தப் பக்கம் திரும்பு. வெளிச்சம் விழட்டும்.

மகள்: இன்னும் இருக்காப்பா?

அப்பா: என்னது?

மகள்: பேன்.

அப்பா: ஆங்... இருக்கு இருக்கு. இதோ, இன்னொண்ணு.

மகள்: அப்பாடா.

அப்பா: என்னது?

மகள்: ஒண்ணும் இல்ல.

அப்பா: அப்பாடான்னு சொன்னே.

மகள்: அப்பான்னு கூப்பிட்டேன்.

அப்பா: ஊர் உலகத்துல பேன் போனாத்தான் அப்பாடாம்பாங்க. இருக்குன்னா அப்பாடாங்கிற ஒரே ஆளு நீதான். என்ன விஷயம்?

மகள்: அம்மாகிட்ட சொல்லக் கூடாது.

அப்பா: சொல்ல மாட்டேன்.

மகள்: டீச்சர்கிட்டயும்.

அப்பா: டீச்சர்கிட்ட நான் இனிமே வாயே திறக்க மாட்டேன். சொல்லு.

மகள்: தினமும் இன்டர்வெல்ல... சோடாபுட்டி தலையோட என் தலையை ஒட்டி வச்சுக்கறேன்.

அப்பா: எதுக்கு?

மகள்: ஒரே புஸ்தகத்துல படிக்கிற மாதிரி. ஆனா படிக்க மாட்டோம்.

அப்பா: அதான் எதுக்குன்னு கேட்கறேன்.

மகள்: எனக்கு முதல்ல அவகிட்ட இருந்துதானே வந்துச்சு. அவ தலையில நிறைய இருக்கும்ல. கொஞ்சம் இங்க வரட்டும்னுதான்.

அப்பா: ஊரெல்லாம் பேனை எப்படி ஒழிக்கறதுன்னு பார்க்குது. நீ கடனா வாங்கிட்டு வர்றியா? ஏய்... அழறியா? நான் திட்டலையே. எதுக்குடா கண்ணு?

மகள்: பேன் போயிட்டா நீ போயிடுவ.

அப்பா: என்ன சொன்னே?

மகள்: போயிடுவீங்க.

அப்பா: இல்ல. முன்னாடி சொன்னியே, அதைச் சொல்லு.

மகள்: திட்டுவீங்களா?

அப்பா: மாட்டேன். சொல்லு.

மகள்: நீ போயிடுவப்பா.

அப்பா: ம்...

மகள்: மூக்கை ஏன் உறிஞ்சற?

அப்பா: கண்டிஷனர் வாசனை.

மகள்: போகாதே.

அப்பா: போகணும் கண்ணு. அம்மா சொன்னதைக் கேட்டேல்ல? இப்ப போனாத்தான் பாப்பா வர்ற நேரத்துல நான் இங்க இருக்க முடியும். திங்கட்கிழமை வரைக்கும் இழுக்க வேண்டாம். தலையை அலசினதும் நானே ஆபீஸுக்குப் போன் பண்ணி வர்றேன்னு சொல்லிடறேன்.

மகள்: அப்போ என் தலையை யாரு பார்ப்பா? அம்மாவால உக்கார முடியாதே. பாப்பா வந்தா பாப்பாவுக்கும் ஒட்டிக்கும். எல்லாம் என்னாலதான்...

அப்பா: ஒட்டாது. உன்னால ஒண்ணும் ஆகல.

மகள்: எப்படி ஒட்டாது? தினமும் நான் தலையை வச்சேனே.

அப்பா: நீ வச்சே, சரி. அங்க இருந்தாத்தானே வரும்? சோடாபுட்டி அம்மாவை நான் ஸ்கூல் வாசல்ல பார்த்து முன்னாடியே பேசிட்டேன். ஒரு வீட்டுல சீவி இன்னொரு வீட்டுல விட்டா மாத்தி மாத்தி வந்துக்கிட்டே இருக்கும், ரெண்டு பேரும் ஒரே நாள்ல ஆரம்பிப்போம்னு. அவங்களும் விடாம சீவினாங்க. இப்ப அவ தலையில ஒண்ணும் கிடையாது.

மகள்: ஒண்ணுமே இல்லையா?

அப்பா: ஒரு ஈர்கூட இல்லையாம்.

மகள்: அப்போ... இப்ப என் தலையில இருந்து ரெண்டு எடுத்தியே, அது யார்கிட்ட இருந்து வந்துச்சு?

அப்பா: உன் தலை சுத்தமாகி ஒரு வாரம் ஆச்சு கண்ணு. எனக்குத்தான் சீப்பைக் கீழ வைக்க மனசு வரல.