இலை சுருங்கினால் மட்டும்

அந்த ஜன்னலோரச் செடியைத் தாராளமாகத் தொட்டுப் பாருங்கள், மேடம், ஒன்றும் ஆகாது. ஸ்டேஷனிலிருந்து வெயிலில் வந்திருக்கிறீர்கள், ஃபேனுக்கு நேராக உட்காருங்கள். அதற்குப் பெயர் ஜேட். இந்த ஃப்ளாட்டில் இருப்பதெல்லாம் அந்த வகைதான், இலைக்குள்ளேயே தண்ணீரைச் சேர்த்து வைத்துக்கொள்கிற சக்குலன்ட் செடிகள். சாந்தோம் பக்கம் ஃப்ளோரா டீச்சர் என்று விசாரித்தால், செடி டீச்சரா என்றுதான் திருப்பிக் கேட்பார்கள். ரிட்டயர் ஆன பிறகு பிடித்த பைத்தியம்.

வாங்கிப் போகிறவர்கள் எல்லோருக்கும் ஒரே சந்தேகம்தான், எத்தனை நாளைக்கு ஒரு தடவை தண்ணீர் ஊற்றுவது என்று. அடையாறிலிருந்து ஒரு தம்பி வருவார். செல்போனில் அலாரம் வைத்து ஊற்றுவார். வாங்கியதெல்லாம் போய்ச் சேர்ந்த பிறகு மறுபடியும் வந்து நிற்பார். செடிக்குக் காலண்டர் தெரியாதுப்பா என்பேன். அடி இலையை இரண்டு விரலால் மெதுவாக அழுத்திப் பார். கெட்டியாக இருந்தால் அதற்கு வேண்டியது உள்ளேயே இருக்கிறது, விட்டுவிடு. தொளதொளத்துச் சுருக்கம் விழுந்திருந்தால் மட்டும் ஊற்று. தொட்டியைத் தூக்கிப் பார், மண் காய்ந்திருந்தால் கனக்காது. ஊற்றும்போது அடியில் இருக்கும் ஓட்டை வழியாக வழிகிற வரை ஊற்று, தட்டில் தேங்கியதைக் கொட்டிவிடு. பிறகு அந்தப் பக்கமே போகாதே.

சென்னையில் இவை அதிகம் சாவது மே மாதத்தில். காய்ந்துபோய் என்று நினைப்பீர்கள். அழுகித்தான் சாகும். நமக்குத் தாகமெடுக்கிறதே, பாவம் இதற்கும் எடுக்குமே என்று காலையும் மாலையும் ஊற்றுகிறார்கள். அந்த வெக்கையில் ஜேட் வளர்வதை நிறுத்திவிட்டுத் தூங்கும், அதிகம் குடிக்காது. ஆனாலும் கொஞ்ச நாள் பார்க்க நன்றாகவே இருக்கும். இலை உப்பிப் பளபளவென்று நிற்கும், எவ்வளவு செழிப்பு என்று வருகிறவர்கள் சொல்வார்கள். ஒரு காலையில் தொட்டால் தண்டு கையோடு வந்துவிடும்.

இதையெல்லாம் ஏன் சொல்கிறாள் என்று பார்க்கிறீர்கள். என் மகன் நோயல் உங்களிடம் கொடுத்த புகார் அவன் அப்பா இறந்ததைப் பற்றி, எனக்குத் தெரியும். அவன் மேல் கோபம் இல்லை. பெற்றவள் மேல் புகார் கொடுக்க அவன் என்ன பாடுபட்டிருப்பான். ஆனால் செடியை விட்டுவிட்டு அவரைப் பற்றிப் பேச எனக்கு வரவில்லை.

என் வீட்டுக்காரர் ஆரோக்கியநாதனுக்கு இரண்டு கிட்னியும் போய்விட்டன. திங்கள், புதன், வெள்ளி டயாலிசிஸ். சிறுநீர் அநேகமாக நின்றுவிட்டது. குடிக்கிறதெல்லாம் உடம்பிலேயே தங்கி நுரையீரலில் ஏறும், ஓட்டை போடாத தொட்டி மாதிரி. டாக்டர் ஒரு அளவு சொன்னார். காபி, ரசம், மாத்திரைக்கு விழுங்குவது எல்லாம் அதில் அடக்கம். அளந்து கொடுக்கிற வேலை எனக்கு. "அம்மாவுக்குத்தான் இதுல கை பழகிருக்கே" என்று நோயல்கூடச் சிரித்தான்.

தினமும் காலையில் அவர் கணுக்காலைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்ப்பேன். குழி விழுந்து அப்படியே நின்றால் உடம்பில் தண்ணீர் ஏறியிருக்கிறது, உடனே எழும்பினால் பரவாயில்லை. கணக்கு எனக்குச் சுலபமாகவே வந்தது. ஆனால் செடி வாய் திறந்து கேட்காது, அவர் கேட்டார்.

தாகம் என்று ஒரு மனிதர் கேட்கிறார், நீங்கள் இல்லை என்கிறீர்கள். வருஷக்கணக்கில் இதே வேலை. ஃப்ரிஜ்ஜைப் பூட்டினேன். முகம் கழுவுகிற சாக்கில் குழாயில் வாய் வைப்பார், நான் வெளியே நின்று கதவைத் தட்டிக்கொண்டே இருப்பேன். செடிக்குத் தெளிக்கிற ஸ்ப்ரே பாட்டிலைப் போர்வைக்குள் ஒளித்து வைத்திருந்தார். பிடுங்கினேன். அவ்வளவு பெரிய மனிதர் குழந்தை மாதிரி அழுதார். நானும் சமையலறைக்குப் போய் அழுதேன். அழுதுவிட்டு ஒரு சொம்பு தண்ணீர் குடித்தேன், அவருக்குச் சத்தம் கேட்காமல்.

எங்கள் தெருக் கத்தோலிக்கக் குடும்பங்கள் சேர்ந்து ஜெபம் சொல்கிற குழுவை அன்பியம் என்போம். ஞாயிறு பூசை முடிந்ததும் அவர்கள் அவரைப் பார்க்க வருவார்கள். "இவ எனக்குத் தண்ணி குடுக்க மாட்டேன்றா" என்று எல்லோரிடமும் சொல்வார். அவர்கள் என்னைத் திரும்பிப் பார்ப்பார்கள். அதில் லிசா என்னைத் தனியே கூப்பிட்டு, "இன்னா டீச்சர் நீங்க, ஒரு வாய் தண்ணி குடுத்தா இன்னா ஆயிடப் போவுது? பாவம் டீச்சர், தொண்டை காஞ்சி கெடக்குறாரு" என்றாள். விளக்கிச் சொன்னேன். தலையாட்டினாள். அடுத்த ஞாயிறு இரண்டு இளநீரோடு வந்தாள். உடம்பு முடியாதவரைப் பார்க்க வெறுங்கையோடு போகிற பழக்கம் நம்மிடம் இல்லையே. சூடு தணியட்டும் என்று எல்லோரும் அதையேதான் வாங்கி வந்தார்கள்.

அவருக்கு இளநீர் ஆகவே ஆகாது. அதிலிருக்கும் பொட்டாசியம் சிறுநீரோடு போக வேண்டியது. போகாவிட்டால் ரத்தத்தில் ஏறி இதயத்தை நிறுத்திவிடும். தண்ணீரைவிட இதுதான் எமன் என்று டாக்டர் எங்கள் இருவரையும் உட்கார வைத்துச் சொன்னார். நான் சயின்ஸ் டீச்சர், எனக்குப் புரியாமல் இல்லை. வந்தவர்கள் போனதும் சிங்க்கில் கொட்டிவிடுவேன். கட்டிலில் படுத்தபடி அந்தச் சத்தத்தை அவர் கேட்டுக்கொண்டிருப்பார்.

கத்திரி வெயிலில் ஒரு ஞாயிறு நான் கொட்டவில்லை.

அவர் குடித்ததை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். கண்ணை மூடிக்கொண்டு குடித்தார். முடித்ததும் என் கையைப் பிடித்து, "நல்லாருப்ப ஃப்ளோரா" என்றார். கல்யாணமானதிலிருந்து அவர் என்னைப் பார்த்துச் சொன்ன பெரிய வார்த்தை அதுதான். டயாலிசிஸ் முடித்து வருகிற அன்றைக்கு மட்டும் கொஞ்சம் என்று ஆரம்பித்தேன். பிறகு மாதா கோயில் பக்கத்து வண்டியில் நானே தினமும் வாங்கினேன். அந்த வண்டிக்காரர் சொல்லித்தான் நோயலுக்குத் தெரிந்திருக்கும். வீட்டில் சண்டை நின்றது. மத்தியானத்தில் நான் தூங்கினேன், மேடம். எவ்வளவு நிம்மதியான தூக்கம் தெரியுமா.

அவர் முகம் உப்பிப் பளபளத்தது. "சார் தேறிட்டாரு, எல்லாம் டீச்சர் கவனிப்பு" என்று லிசாவே சொன்னாள். எனக்குச் சந்தோஷமாக இருந்தது, மறைப்பானேன். டயாலிசிஸ் சென்டரில் எடை பார்த்த நர்ஸ் திட்டினாள். வருகிறவர்களெல்லாம் கொடுத்துவிடுகிறார்கள் சிஸ்டர் என்றேன். அது முழுப் பொய்யும் இல்லை. காலையில் கணுக்காலை அழுத்துவதை நான் விடவில்லை. விரலை எடுத்த பிறகும் குழி அப்படியே இருக்கும். போர்வையை இழுத்து மூடிவிட்டு டிபன் வேலையைப் பார்க்கப் போவேன்.

அந்தத் திங்கட்கிழமை பற்றித்தான் நீங்கள் கேட்க வந்தீர்கள். அவருக்கு வயிற்றுப்போக்கு, புதன்கிழமை வருகிறோம் என்று சென்டருக்குப் போன் செய்தேன். மெஷின் ரிப்பேர் என்று நோயலிடம் சொன்னேன். அப்பாதான் ஊசி வேண்டாம் என்று கெஞ்சினார் என்று பிறகு அடக்கத்துக்கு வந்தவர்களிடம் சொன்னேன். மூன்றும் பொய். அன்று அவர் சட்டை மாட்டிக்கொண்டு, தலை சீவி, ஆட்டோவுக்காகக் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். ஆட்டோ வராது என்று நான் அவரிடம் சொல்லவே இல்லை.

ஏன் என்று எனக்கே சரியாகச் சொல்லத் தெரியவில்லை. சென்டருக்குப் போனால் ரத்தம் பார்ப்பார்கள், கண்டுபிடிப்பார்கள், மறுபடியும் ஃப்ரிஜ்ஜுக்குப் பூட்டு, பாத்ரூம் வாசலில் காவல். என்னால் முடியவில்லை, மேடம். மாற்றி விட ஒரு ஆள் இல்லை. நோயல் வாரத்துக்கு ஒரு தடவை வந்து, அப்பாவை நல்லா பாத்துக்கோம்மா என்று சொல்லிவிட்டுப் போவான்.

மத்தியானம் இரண்டு இளநீரை ஒரே சொம்பில் ஊற்றி எடுத்துப் போனேன். இதுவரை அவர் கேட்டார், நான் கொடுத்தேன் என்றுதான் உங்களுக்குச் சொல்லிக்கொண்டு வந்தேன். அன்று அவர் கேட்கவில்லை. "வேணாம் ஃப்ளோரா, நெஞ்சு படபடன்னுது. ஆட்டோ இன்னும் வரலயா? நோயலுக்குப் போன் போடு" என்றார். அந்தச் சட்டையோடே படுத்திருந்தவரின் தலையைத் தூக்கி என் மார்பில் சாய்த்துக்கொண்டேன். வாயை மூடிக்கொண்டார். தாடையைப் பிடித்துத் திறந்து ஊற்றினேன். சட்டையில் கொஞ்சம் வழிந்தது, மிச்சம் உள்ளே போனது. பிறகு பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். போனை எடுக்கவில்லை. எல்லாம் அடங்கிய பிறகுதான் நோயலைக் கூப்பிட்டேன்.

கொன்றேன் என்றே எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். புருஷனைத் தாகத்தோடு போகவிட்டாள் என்று மட்டும் இந்தத் தெருவில் யாரும் என்னைச் சொல்லிவிடக் கூடாது.