உமரி நிறத்தில் ஒரு துப்பாக்கி

ஹலோ... ம், சொல்லு திருமுருகா. நாரை விழுந்துச்சா, இல்ல சும்மா திரும்பி வர்றியா?...

என்னது? துப்பாக்கி காணோமா?... ம்... ம்... சரி, ஒண்ணு சுட்ட. மறுபடி லோடு பண்ணி வரப்புல வெச்சுட்டு, நாரைய எடுக்க சேத்துல எறங்கின. திரும்பி வந்தா தெரியல... ஆமா, சிரிக்கறேன்தான். நம்ம வேலைடா அது! வீட்டு மாடியில ரெண்டு நாளு ஒக்காந்து, உப்பளத்து உமரிச் செடிய ஒடிச்சு துப்பாக்கி மேல பரப்பி பெயிண்ட் ஸ்ப்ரே அடிச்சேன். பச்ச, செவப்பு, உப்புக்கு கொஞ்சம் வெள்ள. போட்ட எடத்துல நானே ரெண்டு தரம் தேடினேன்...

அத எடுத்துட்டுப் போயி உமரி மண்டின வரப்புலயே வெச்சியா, லூசு?... ஆமா, ஆமா, எல்லா வரப்பும் ஒண்ணு போலதான் இருக்கும்...

இரு. துப்பாக்கிக் குதிரைய ஏத்தியா வெச்ச?... டேய். கால் பட்டாலே வெடிக்கும்டா அது.

இல்ல, இல்ல, உப்பள மேஸ்திரிகிட்ட சொல்லாத! லைசென்ஸ் இல்லாத துப்பாக்கி. நீயும் உள்ள, நானும் உள்ள... கேளு. சத்தம் போடாம, குனிஞ்சு தேடு. அந்தப் பக்கம் இன்னிக்கு ஆளு கெடையாது. ரோட்டுப் பக்கம்தான் உப்பு வாரறோம்னு என் பொண்டாட்டி சுலோசனா சொல்லிட்டுத்தான் போனா...

என்ன?... யாரு வர்றாங்க?... உப்புக் கூடையோட பொம்பளைங்களா?... ரோட்டுப் பக்கம் அதுக்குள்ள முடிஞ்சிடுச்சா?

கத்து. கத்துடா திரு! நிக்கச் சொல்லு!... கேஸாவது மயிராவது! பச்சமுத்துதான் பெயிண்ட் அடிச்சான்னு என் பேரையே சொல்லு... வெறுங்காலுடா அவங்களுக்கு. தலையில அவ்ளோ உப்ப வெச்சுக்கினு கீழ குனிஞ்சு பாக்க முடியாது... சுலோசனா போன எடுக்க மாட்டா, சோத்துப் பையில கெடக்கும். நீ ஓடு. ஓடிக்கினே கத்து...

எதிர்காத்தா? கேக்கலியா?... துண்ட எடுத்து வீசு. நல்லா வீசு... ம்... என்னது, வேகமா வர்றாங்களா?

ஐயோ... மேஸ்திரி துண்டு வீசினா 'இங்க கொண்டாந்து கொட்டு'ன்னு அர்த்தம்டா. என் வாயால நானே... கீழ போடு! துண்ட கீழ போடு! திரு, துண்ட...

...

திரு?... என்ன சத்தம் அது?

அழாத. யாரு விழுந்ததுன்னு சொல்லு... எல்லாரும் ஆம்பள சட்டதான் போட்டிருப்பாங்க, தெரியும். கிட்ட போயி பாரு... தோள்ல பச்ச பெயிண்ட் கறை இருக்குதா? அது என் சட்ட. பெயிண்ட் அடிக்கறப்ப போட்டிருந்தேன். காலையில அவதான் எடுத்து மாட்டிக்கினு போனா... இருக்குதா?...

இருக்குதா.

கட் பண்ணாத. போன அவ காதுகிட்ட வை... வைடா!

சுலோ... நான்தான்... சுலோ, நான்தான் அவன சத்தம் போடாதன்னு... சுலோ?

ஹலோ?... ஹலோ?...