வட்டத்தில் சுரண்டிய இடம்

— ஃபோனை இஞ்சால காட்டுங்கோ மேர்வின் அண்ணை. எங்கட அப்பப்பா சூசைப்பிள்ளையின்ர பேர் அந்தப் பேப்பரில இருக்கோ, இல்லையோ?

— பொறுங்கோ பியற்றிஸ். காலமை தொடக்கம் லண்டன் கியூவில இருக்கிற அரச ஆவணக் காப்பகத்தில குந்தியிருந்து படம் எடுத்தனான். ரீயைக் குடியுங்கோ, சொல்லுறன்.

— ரீயும் மண்ணாங்கட்டியும்! நாளைக்கு நினைவுக்கல்லு வெட்டக் குடுக்கப் போறியள். சூசைப்பிள்ளையின்ர பேரைப் போடமாட்டன் எண்டு நிக்கிறது கமிட்டிச் செயலாளர் நீங்கள்தானே.

— ஓம், நான்தான். யுத்த நேரம் லண்டனில எங்கட குருநகர்க் கப்பல்காரர் பன்னிரண்டு பேர் கப்பலில ஏறமாட்டம் எண்டவை. பதினொரு பேரைப் பிடிச்சு மறியலில அடைச்சு நாடு கடத்தினவங்கள். ஏத்தின கப்பல் வழியில கடலுக்குள்ள தாண்டுபோச்சு, ஒருத்தரும் தப்பேல்லை, என்ர அப்பப்பாவும்தான். உங்கட ஆள் மட்டும் லண்டனில சுகமாய் இருந்தவர். காட்டிக்குடுக்காமல் எப்பிடி?

— "என்னை மட்டும் ஏன் விட்டவங்கள் எண்டு எனக்கே தெரியாது." சாகுமட்டும் மனுசன் சொன்னது அது ஒண்டுதான். ஊருக்குத் திரும்பிப் போயும் குருநகரில ஆர் முகம் குடுத்தது?

— சரி, இதைப் பாருங்கோ. உயிர்காப்பு அங்கி எங்களுக்கும் வேணும் எண்டு எழுதின மனு. பேரெல்லாம் வட்டமாய் இருக்கு, விளங்குதோ? முதல் கையெழுத்து ஆரின்ர எண்டு தெரியக்கூடாது, அதுக்கு.

— அட, கெட்டிக்காரர்!

— இன்னும் கேளுங்கோ. யுத்தகாலச் சட்டப்படி பேப்பர் இல்லாத கப்பல்காரனை அந்நியன் எண்டு பிடிச்சு அனுப்பலாம். தலைவன் ஆர் எண்டு பொலிஸ் கேட்டிருக்கு. பதினொரு பேரும் தனித்தனிய, "நான்தான்" எண்டிருக்கினம்!

— ஐயோ மாதாவே, என்ன ஆக்கள்! பன்னிரண்டாவது எங்க?

— இதில. சுரண்டிக் கிடக்கு. "சூ" மட்டும் தெரியுது.

— அப்ப... தானே அழிச்சுப்போட்டாரோ?

— நானும் அப்பிடித்தான் நினைச்சனான். உண்மையைச் சொன்னால், சந்தோசப்பட்டனான். பிறகு ஃபைலின்ர அடியில ஒரு கடிதம். என்ர அப்பப்பா மறியலிலயிருந்து சூசைப்பிள்ளைக்கு எழுதினது, தமிழில. "மொழி தெரியவில்லை, அனுப்பவேண்டாம்" எண்டு மேல ஆரோ எழுதியிருக்கிறான். எண்பது வருசமாய் அப்பிடியே கிடக்கு.

— வாசியுங்கோ அண்ணை.

— "சூசை, நீ உன்ர பெண்சாதி ஐரினைப் பார்க்க ஆசுப்பத்திரிக்குப் போன நேரம் உன்ர பேரை நான்தான் சுரண்டினனான். மற்றவையும் ஓமெண்டவை. பிறக்கப்போற பிள்ளைக்குத் தகப்பன் வேணும். கோவியாதை."

— அதுதானே பொலிஸ் தேடேல்லை! ஒண்டும் தெரியாமலே செத்துப்போச்சே மனுசன்.

— பெரிய பாவம் செய்திட்டம் பியற்றிஸ். கல்லில பன்னிரண்டு பேரும் வரும். வட்டமாய்த்தான் வெட்டுவிப்பன்.

— ஏன் அழுறியள்?

— இன்னும் ஒரு வரி இருக்கு. "பொடியன் எண்டால் என்ர பேரை வை. இப்படிக்கு, அலோசியஸ்." கடிதம்தான் போகேல்லையே. அந்த ஒரு ஆசையும் வீணாய்ப் போச்சு.

— மேர்வின் அண்ணை, அந்தப் பிள்ளைதான் எங்கட அப்பா. அவரை ஊரெல்லாம் ராசா எண்டுதான் கூப்பிடுறது. ஞானஸ்நானப் பேர் அலோசியஸ்.