சோறு கேட்ட சாமி

அக்கிராசனத்தை அலங்கரிக்கும் பொன்ராஜ் கங்காணியார் அவர்களே! காடு திருத்தி, கன்று நட்டு, கண்ணாய்க் காத்து இந்த ஏலமலையை வாழவைக்கும் பெரியோர்களே! கம்பத்திலிருந்து மலையேறி வந்து குமுளிச் சந்தையில் மூட்டை இறக்கும் வண்டிக்காரச் சகோதரர்களே! பச்சைப் பிள்ளையை மடியில் கிடத்திக்கொண்டு ஈரத்தரையிலே அமர்ந்திருக்கும் என் அருமைத் தாய்மார்களே! இந்தச் சக்குபள்ளத் தோட்டத்து டிஸ்பென்சரியில் மருந்து கலக்குகிறவளும், உங்கள் வீட்டுப் பிரசவங்களைப் பார்க்கிறவளுமான குருவம்மாள், உங்கள் எல்லோரையும் கைகூப்பி வணங்குகிறேன்.

நாளைக்கு இரண்டாம் சுற்றுக் காயெடுப்பு தொடங்குகிறது. அதற்காகத்தான் இந்தக் கூட்டமும், இது முடிந்ததும் நடக்கப்போகிற பந்தியும். "நாலு நல்ல வார்த்தை பேசும்மா" என்று கங்காணியார் அழைத்தார். நல்ல வார்த்தை பேசத்தான் எனக்கும் ஆசை. ஆனால் என்ன செய்வேன்? சென்ற சுற்றில் என் கண்ணால் கண்டதை மூடி மறைக்க என்னால் முடியவில்லை. ஆகவே பூசி மெழுகாமல் பேசப் போகிறேன். கோபித்துக்கொள்கிறவர்கள் தாராளமாகக் கோபித்துக்கொள்ளலாம். காய்ச்சல் வந்தால் என்னிடம்தானே வந்தாக வேண்டும்!

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். இன்னும் சற்று நேரத்தில் சிரிப்பு வராது.

மகாஜனங்களே! நம் ஏலக்காட்டுக்கு ஒரு கட்டு உண்டு. எடுப்பு முடியும்வரை காட்டுக்குள்ளே எச்சில் படக்கூடாது, அதாவது யாரும் சோறு தின்னக்கூடாது. பட்டால் மேட்டுமுனையில் நிற்கும் கல்லுச்சாமி கோபிக்கும், காய் கருகும், கொத்து உதிரும். இந்தக் கட்டு யாருக்கு? காட்டுக்குள்ளே போகிறவர்களுக்கு. காட்டுக்குள்ளே குனிந்து, சேற்றிலே அமர்ந்து, அட்டைக்கு ரத்தம் கொடுத்துக் காய் கிள்ளுகிறவர்கள் யார்? பெண்கள்! ஆண்களுக்குக் காய் உலர்த்தும் கொட்டகையில் வேலை. கொட்டகை காட்டுக்கு வெளியே இருக்கிறது. அதனால் உச்சிப்பொழுதில் கொட்டகையிலே சோறு மணக்கும். காட்டிலே குடல் காயும். இது நியாயமா? இது நேர்மையா? இதைச் சாமி சொல்லியிருக்குமா?

விடியுமுன் ஒரு குவளை வரக்காப்பி. அதற்குப்பின் பகல் முழுவதும் பச்சைத் தண்ணீர். இருட்டியபின் லயத்து வீட்டுக்கு வந்து, ஈர விறகை ஊதி ஊதி உலை வைத்து, எல்லோருக்கும் போட்டுவிட்டு, மிச்சத்தை ஒரேயடியாக அள்ளி விழுங்கிவிட்டு அப்படியே சாய்வது. இதைத்தானே தாய்மார்களே, சாப்பாடு என்கிறோம்?

உடம்புக்கு ஒரு பொழுது இருக்கிறது, ஐயா! சூரியன் எழும்போது வயிற்றுத் தீயும் எழுகிறது. சூரியன் ஏற ஏற அதுவும் ஏறுகிறது. உச்சிக்கு வரும்போது, "போடு, போடு" என்று கொழுந்துவிட்டுக் கேட்கிறது. பொழுது சாயும்போது தானும் சாய்கிறது. நாமோ, தீ எரியும்போது உலை வைப்பதில்லை. அடுப்பு அணைந்தபிறகு அண்டா நிறைய அரிசியைக் கொட்டிவிட்டு, வேகவில்லையே என்று அழுகிறோம்! மறுநாள் காலையில் என் வாசலில் வந்து நிற்கிறீர்கள். "அக்கா, புளிச்ச ஏப்பமா வருது, நெஞ்செல்லாம் காந்துது, கொஞ்சம் மருந்துத் தண்ணி ஊத்துங்கக்கா." ஊற்றுகிறேன். காலையில் பசிக்கவில்லை என்று மறுபடியும் வரக்காப்பி. மறுபடியும் பட்டினி. மறுபடியும் இருட்டுச் சோறு. மாட்டுவண்டிச் சக்கரம்கூட எங்கேயாவது நிற்கும். இது நிற்கவே இல்லை.

என்ன சொன்னீர்கள், பின்னால் நிற்கிறவரே? "பழகிப்போச்சு" என்கிறீர்களா? பழகிப்போனது உம்முடைய வாய். பட்டினி கிடப்பது உம்முடைய வயிறு இல்லையே!

வண்டிக்காரச் சகோதரர்களே, உங்களைக் கேட்கிறேன். குமுளியில் வண்டியை அவிழ்த்து, உச்சிப்பொழுதில் மாட்டுக்குத் தண்ணி காட்டாமல், தீனி போடாமல், மறுபடி பூட்டி ஓட்டுவீர்களா?

"மாடு படுத்துரும்மா!" கேட்டீர்களா, சபையோரே? படுத்துவிடும் என்கிறார். மாடு படுத்தால் பசி என்று நமக்குத் தெரிகிறது. பெண் படுத்தால் மட்டும் சாமி என்கிறோம்!

ஆம். இப்போது அந்தக் கதைக்கு வருகிறேன்.

இதோ, முன்வரிசையில் வீரபாண்டி பக்கத்தில் தலைகுனிந்து உட்கார்ந்திருக்கிறாளே, அவன் மனைவி ராமுத்தாய். தலைச்சன் பிள்ளையைச் சுமக்கிறவள். சென்ற சுற்றில் ஒருநாள், உச்சிப்பொழுதில், காய்க்கூடையோடு ஆடினாள். கண் செருகியது. உதடு துடித்தது. உடம்பெல்லாம் குளிர்ந்து வியர்த்தது. பேச்சுக் குழறியது. கூட இருந்தவர்கள் என்ன செய்தார்கள்? குலவை போட்டார்கள்! "கல்லுச்சாமி எறங்கிருச்சு!" என்று வேப்பிலையை ஒடித்தார்கள். மறுநாளும் அதே உச்சிப்பொழுது, அதே ஆட்டம். அதற்கடுத்த நாளும் அப்படியே. நேரம் தவறாமல் வருகிறதே, சந்தேகமே இல்லை, இது சாமிதான் என்றார்கள். அடி என் தாய்மார்களே! நேரம் தவறாமல் வந்தது பசி, அம்மா, பசி!

இன்னும் கேளுங்கள். சாமி இறங்குகிற உடம்பு சுத்தமாக இருக்க வேண்டுமாம். அதனால் விடியற்காலை வரக்காப்பியையும் நிறுத்தினார்கள்! பட்டினியால் மயங்கினாள், மயங்கியதால் சாமியானாள், சாமியானதால் இன்னும் பட்டினி போட்டார்கள். இப்படி ஒரு கொடுமையை எந்த ஊரிலாவது கேட்டதுண்டா?

எடுப்பின் கடைசி நாள், காட்டுக்குள் யாருக்கோ அட்டைக்கடி புண்ணாகிவிட்டதென்று மருந்துப் பெட்டியோடு நானும் போயிருந்தேன். கல்லைச் சுற்றிக் கூட்டம். நடுவிலே ராமுத்தாய். பூசாரி குருசாமி அண்ணன் கேட்கிறார்: "தாயி, ஒனக்கு என்ன வேணும்? வாயத் தொறந்து சொல்லு தாயி!"

அவள் உதடு அசைந்தது. "சோறு."

"என்ன தாயி?"

"சோறு... சோறு வேணும்."

தாய்மார்களே, அவள் கேட்டாள். தெளிவாகக் கேட்டாள். கூட்டம் என்ன செய்தது? "அம்மா சோறு கேக்குறா! படையல் போடுங்கப்பா!" காட்டுக்கு வெளியே பொங்கல் வைத்தார்கள், சேவல் அறுத்தார்கள், குழம்பு வைத்தார்கள். எல்லாவற்றையும் கொண்டுவந்து தலைவாழை இலையில் கொட்டினார்கள். எங்கே? கல்லுக்கு முன்னால்! அவள் பக்கத்திலே உட்கார்ந்து, ஆவி பறக்கும் சோற்றைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். மெல்ல ஒரு கை நீட்டினாள். அந்தக் கையைப் பிடித்து மடக்கினார்கள்! "சாமி ஏறுன ஒடம்பு, எச்சில் ஆகக்கூடாது தாயி!" தள்ளி உட்கார்ந்து அட்டைக்கடிக்கு மருந்து கட்டிக்கொண்டிருந்த நான் ஓடிப் போய்ச் சேருமுன் இலையை எடுத்துவிட்டார்கள். சோறு கொட்டகைக்குப் போயிற்று. ஆண்கள் வயிறாரச் சாப்பிட்டார்கள். ராமுத்தாய் வாயிலே என்ன விழுந்தது தெரியுமா? ஒரு சிட்டிகைத் திருநீறு!

திகைத்து நின்றேன், ஐயா. எத்தனையோ ரத்தம் பார்த்தவள் நான். எத்தனையோ சாவு பார்த்தவள். அன்றைக்குப்போல் ஒருநாளும் திடுக்கிட்டதில்லை.

அவள் சரிந்தாள். கம்பளியில் கிடத்தித் தூக்கிவந்தோம். நாடி தேடித்தேடித்தான் கிடைத்தது. வயிற்றில் கை வைத்தேன், பிள்ளை அசையவில்லை. கருப்பட்டியைக் கரைத்துச் சொட்டுச் சொட்டாக உதட்டில் விட்டேன். பிறகு வடிகஞ்சி. நெடுநேரம் கழித்துப் பிள்ளை புரண்டது. அவளும் கண் திறந்தாள். என் கையைப் பற்றிக்கொண்டு ஒன்றே ஒன்று சொன்னாள்: "அக்கா... நான் நெசமாத்தான் கேட்டேன்."

இவ்வளவு நேரம் சிரித்தவர்கள் எங்கே?

குருசாமி அண்ணே, எழுந்து போகாதீர்கள். உங்கள் கையிலிருக்கும் கர்ப்பூரத் தட்டை மேடை ஏறியதிலிருந்து பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். உங்கள் பக்கத்தில் வேப்பிலைக் கட்டு. அதோ, மாலை. எதற்கென்று எனக்குத் தெரியாதா? பொழுது உச்சிக்கு ஏறுகிறது. இன்றைக்கும் ராமுத்தாயை வெறும் வயிற்றோடு கூட்டி வந்திருக்கிறீர்கள். உச்சியானதும் அவள் ஆட வேண்டும். நாளை எடுப்புக்குக் குறி சொல்ல வேண்டும். இந்தக் கூட்டத்தில் பாதிப் பேர் என் பேச்சையா கேட்கிறீர்கள்? அவள் கண் எப்போது செருகும் என்றல்லவா பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள்! இன்னொரு முறை அவள் சரிந்தால் அந்தப் பிள்ளை புரளும் என்று நான் உறுதி சொல்ல மாட்டேன். தாயும் எழுவாள் என்று சொல்ல மாட்டேன்.

நான் சாமிக்கு விரோதி அல்ல. நானும் அந்தக் கல்லைக் கும்பிடுகிறவள்தான். காட்டுக்குள் எச்சில் படக்கூடாதா? சரி, படவேண்டாம். உச்சிப்பொழுதில் காட்டைவிட்டு வெளியே வந்து, ஓடைக்கரையில் உட்கார்ந்து சாப்பிடட்டும். அதை எந்தச் சாமி தடுத்தது? காலையில் பழைய சோறு, உச்சியில் வயிறாரச் சோறு, பொழுது சாய்வதற்குள் கொஞ்சமாகக் கஞ்சி. நான் கேட்பது இவ்வளவுதான்.

வீரபாண்டி, என்னப்பா முழிக்கிறாய்? எழுந்திரு. மேடைக்குப் பின்னால் கஞ்சிப் பானை வைத்திருக்கிறேன், துவையலும் இருக்கிறது. உன் பெண்டாட்டிக்கு ஊற்று. ஊரைப் பார்க்காதே, அவளைப் பார்.

யாரது, "கட்டு மீறக்கூடாது" என்று கத்துகிறவர்? இது காடு இல்லை, ஐயா, பந்தல்!

அதோ... அக்கிராசனாதிபதி எழுந்துவிட்டார். கங்காணியார் தம் கையாலேயே பானையைத் தூக்கி வருகிறார். என்ன சொல்கிறீர்கள், ஐயா? உரக்கச் சொல்லுங்கள், எல்லோருக்கும் கேட்கட்டும். "நாளையிலருந்து உச்சிக்கு மணியடிக்கச் சொல்றேன். பொம்பளைக எல்லாம் காட்ட விட்டு வெளிய வந்து தின்னுட்டுப் போகட்டும்." கேட்டீர்களா, தாய்மார்களே! நீங்கள் சாட்சி!

குடி, ராமுத்தாய். மெதுவாகக் குடி. யாரும் உன் கையைப் பிடிக்க மாட்டார்கள்.

மகாஜனங்களே, பந்தற்காலைப் பாருங்கள். நிழல் காலடியிலேயே சுருண்டுவிட்டது. உச்சி வந்தது, உச்சி தாண்டவும் போகிறது. ராமுத்தாய் ஆடினாளா? கண் செருகியதா? நெற்றியில் ஒரு துளி வியர்வையாவது உண்டா? குருசாமி அண்ணே, நீங்களே கிட்டப்போய்க் கேளுங்கள். அன்றைக்குக் கேட்டதையே கேளுங்கள்.

"தாயி... ஒனக்கு என்ன வேணும்?"

"இன்னொரு கரண்டி ஊத்துங்கண்ணே."

கேட்டுவிட்டாள். அந்தக் கர்ப்பூரத் தட்டைக் கீழே வைத்துவிட்டுக் கரண்டியைப் பிடியுங்கள், அண்ணே. இதற்குமேல் நான் பேசினால் உங்கள் சாப்பாட்டு நேரத்தை நானே கெடுத்தவளாவேன். இவ்வளவு நேரம் பொறுத்துக் கேட்ட சபைக்கு நன்றி, எழுந்து நின்ற கங்காணியாருக்கு நன்றி, எல்லோருக்கும் வணக்கம். முதல் பந்தி பெண்களுக்கு. இலை போடுங்கள்!