காட்சிக்கு முன்னால் பூபாலன் சொன்னது

மேடையில் அமர்ந்திருக்கும் கூட்டத் தலைவர், ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் நரசிம்மன் ஐயா அவர்களே, பூபாலன் அண்ணனின் மனைவி ஜெயப்பிரியா அண்ணி அவர்களே, அவர்கள் மகள் சிநேகா, அச்சரப்பாக்கத்திலிருந்தும் கோவளத்திலிருந்தும் சதுரங்கப்பட்டினத்திலிருந்தும் இன்றைய வேலையை விட்டுவிட்டு இந்தச் செங்கல்பட்டு மண்டபத்துக்கு அஞ்சலி செலுத்த வந்திருக்கும் நடிகர்களே! ஆம், உங்களை அப்படித்தான் அழைப்பேன். இயக்குநர் பூபாலன் உங்களை வேறு எந்தப் பெயரிலும் அழைத்ததில்லை.

நான் ஜாக்குலின். பதினான்கு ஆண்டுகளாக அவருடைய படத்தொகுப்பாளர். எனக்கு முன்னால் பேசிய மூன்று பேரும் அவரை எளிமையானவர் என்றார்கள். எளிமையானவரா? தயாரிப்பாளர் இல்லாமல், தெரிந்த முகம் ஒன்றுகூட இல்லாமல் மூன்று படங்களை எடுத்து முடித்தவர் எளிமையானவரா? அவர் பிடிவாதக்காரர். முன்கோபி. ஒரு நடை சரியாக வரவில்லை என்று எங்கள் எல்லோரையும் பகல் முழுக்க மணலில் நிற்க வைத்தவர். அந்தப் பிடிவாதக்காரர்தான் நான்காவது படத்தின் படப்பிடிப்பு முடிந்த நான்காம் நாள், சதுரங்கப்பட்டினம் பஸ் நிறுத்தத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார். நாற்பத்தாறு வயது. இன்றோடு பதினாறு நாள். எனக்கு இன்னும் கோபம் தீரவில்லை.

அவர் வேலை செய்த விதம் உங்களுக்குத் தெரியும். காகிதத்தில் ஒரு வரி எழுத மாட்டார். முதல் படத்தில் செங்கல் சூளைத் தொழிலாளிகளிடம் வசனத் தாளை நீட்டியபோது அத்தனை பேரும் பின்வாங்கினார்கள். அன்று என்னிடம் சொன்னார்: "பேப்பர நீட்னாலே கைநாட்டு கேக்குறாங்கன்னு பயந்துக்குது நம்ம சனம். நம்ம நெலமெல்லாம் அப்டித்தான போச்சி? இனிமே பேப்பரே வாணாம்." அன்றோடு சரி. கிளாப் அட்டையும் கிடையாது, அந்தச் சத்தத்துக்கு முகம் மாறிவிடுகிறதாம். கேமரா ஓடத் தொடங்கியதும் நடிப்பவர் பக்கத்தில் போய் நிற்பார். இது எதற்குப் பிறகு நடக்கிறது, மனசில் என்ன இருக்கிறது என்று மெல்லச் சொல்லிவிட்டு விலகுவார். ஒவ்வொரு காட்சியின் தொடக்கத்திலும் அந்தக் குரல் இருக்கும். படம் முழுதும் முடிந்த பிறகுதான் அதை வெட்டி எடுப்போம். படத்தின் காட்சி வரிசை வேறெங்கும் இல்லை. அந்தக் குரலில் இருந்தது, அவர் தலையில் இருந்தது.

தோழர்களே, அந்தக் குரலை நான் அழித்துவிட்டேன்.

படப்பிடிப்பின் கடைசி வாரம் ஹார்ட் டிஸ்க் நிரம்பிவிட்டது. மறுநாள் எடுப்பதற்கு இடம் வேண்டும். அதுவரை எடுத்த இருநூற்றுப் பன்னிரண்டு காட்சிகளின் தொடக்கத்தையும் உட்கார்ந்து வெட்டினேன். ஒலிப்பதிவாளர் ஜோயலிடம் இருக்காதா என்பீர்கள். அவர் கார்டை அன்றன்றே துடைத்துத்தான் மறுநாள் பதிவு செய்வார். வெட்டும்போது நீயாவது அந்தக் குரலைக் காதில் வாங்கியிருப்பாயே என்பீர்கள். வாங்கவில்லை! எதற்கு வாங்க வேண்டும்? வரிசை போடும்போது மனிதர் என் பக்கத்து நாற்காலியில்தானே இருப்பார்? யாரைக் கேட்டு அழித்தாய் என்பீர்கள். அதைக் கடைசியில் சொல்கிறேன்.

பதினாறு நாளாக அந்தப் படத்தோடு மல்லுக்கட்டுகிறேன். பாதிக் காட்சிகளில் பேச்சே இல்லை. சந்திரம்மா மீன்கூடையோடு நடக்கிறார். போகிறாரா, திரும்புகிறாரா? கடலைப் பார்க்கிறார். காத்திருக்கிறாரா, வெறுக்கிறாரா? எனக்குத் தெரியவில்லை. நான் அடுக்கினால் அது ஒரு படமாக இருக்கும். பூபாலன் படமாக இருக்காது.

நேற்று அச்சரப்பாக்கம் போனேன். நடவு வேலை செய்கிறவர் சந்திரம்மா. எங்கள் படத்தில்தான் மீன்காரி. டச்சுக் கோட்டைச் சுவரில் வெறுங்கூடையோடு அவர் உட்கார்ந்திருக்கும் காட்சியை லேப்டாப்பில் காட்டினேன். மிக அழகான காட்சி. அதைத்தான் படத்தின் தொடக்கமாக வைத்திருந்தேன். பார்த்ததும் சொன்னார்:

"இன்னாமா இது, மொதல்ல வச்சிகினு கீற? கதையில எம்புள்ள பொணமா கரைக்கு வந்த மறுநாளும்மா இது. பூபாலன் தம்பி என்னாண்ட வந்து, 'அக்கா, நேத்தே அழுது முடிச்சிட்ட. இன்னிக்கி பசிக்குது, அதான் ஒனக்கு வெக்கமா கீது'ன்னு சொல்லிச்சி. எனக்கு மறக்குமா அது?"

இருநூற்றுப் பன்னிரண்டில் ஒன்று கிடைத்தது. சந்திரம்மாவின் வீட்டிலேயே உட்கார்ந்து அழுதேன்.

தலைவர் அவர்கள் என்னை மன்னிக்க வேண்டும். நிகழ்ச்சி நிரலில் அடுத்ததாக ஒரு நிமிட மௌனம் இருக்கிறது. வேண்டாம் ஐயா. பதினாறு நாள் மௌனத்தை நான் கேட்டுவிட்டேன். கோவளத்துப் படகுக்காரர்களே, சூளையிலிருந்து வந்திருக்கும் அண்ணன்களே, பஸ்ஸில் ஒரே ஒரு முறை திரும்பிப் பார்த்து நடித்த தங்கை திவ்யா, உங்கள் காதருகே வந்து அவர் ஏதோ சொன்னார். அது உங்களிடம் இருக்கிறதா? பாதி இருந்தாலும் போதும். தப்பாக இருக்குமோ என்று தயங்காதீர்கள். வாசல் பக்கம் ஜோயல் மைக்கோடு உட்கார்ந்திருக்கிறார். சொல்லிவிட்டுப் போங்கள். எத்தனை பேருக்கு நினைவிருக்கும், எத்தனை காட்சி தேறும், எனக்குத் தெரியாது. படம் முடியும் என்று இந்த மேடையில் சத்தியம் செய்ய எனக்குத் தைரியம் இல்லை. உங்களில் ஒருவர் சொல்வதையும் இனி அழிக்க மாட்டேன், அந்த ஒன்றைத்தான் உறுதியாகச் சொல்ல முடியும்.

முதல் ஆளாக நானே சொல்கிறேன். ஜோயல், பதிவு செய்துகொள். டிஸ்க் நிரம்பிவிட்டது அண்ணா, எதை எடுக்கட்டும் என்று கேட்டேன். டீ குடித்துக்கொண்டிருந்தவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. என்னிடம் சொன்னது இது:

"என் கொரல எடுத்துடு ஜாக்கு. அது இன்னாத்துக்கு? படந்தான் என் தலையில கீதே."