சால்மன் குஞ்சுகள் பாயும் நிறம்

மீனைத் தொடும் முன் கையை நனைத்துக்கொள்ள வேண்டும். காய்ந்த கையால் பிடித்தால் அதன் மேலிருக்கும் வழவழப்பு போய்விடும். பிறகு ஆற்றில் விட்டாலும் பூஞ்சணம் பிடித்துச் செத்துப்போகும். டொராண்டோவிலிருந்து விலையுயர்ந்த தூண்டிலோடு வரும் கனவான்களுக்கு இதைச் சொல்லிச் சொல்லி என் வாய்தான் வலித்தது. ஒருவனும் கேட்டதில்லை. மனிதர்களைப் பற்றி எனக்கு நல்ல அபிப்பிராயம் கிடையாது, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

என் பெயர் டெல்பர்ட். நியூ பிரன்ஸ்விக்கில் இந்த ஆற்றுக்குச் சால்மன் பிடிக்க வருபவர்களுக்கு வழிகாட்டி. தூண்டில் முள்ளில் முடியும் இறகும் வைத்துப் பொய்ப்பூச்சி கட்டுவேன். கறுப்பு உடம்பு, ஆரஞ்சு வால். எங்கள் தண்ணீர் பால் விடாத தேநீர் நிறம். அதில் நீலம் அவிந்துபோகும், ஆரஞ்சு மட்டும் கங்கு மாதிரி தெரியும். அதைக் கண்டுபிடித்தவன் நான். கடையில் அந்தப் பூச்சியை என் பெயரைச் சொல்லித்தான் கேட்பார்கள். எனக்கு வேறு வாரிசு இல்லை.

சொலாஞ்ச் ஜூன் மாதம் வந்தாள். கடலோரத்துப் பிரெஞ்சுக்காரப் பெண், பல்கலைக்கழகத்தில் மீன் ஆராய்ச்சி. நாள் முழுக்கக் கண்ணாடி மாட்டிக்கொண்டு ஆழமில்லாத தண்ணீரில் குப்புறக் கிடப்பாள். சால்மன் குஞ்சுகள் எந்த நிறப் பூச்சிக்கு வருகின்றன, ஏன் வருகின்றன என்று பார்ப்பதுதான் அவள் வேலை. விரல் நீளம்கூட இராத குஞ்சுகள். அதற்கு ஒரு படிப்பு, அதற்கு ஒரு சம்பளம்.

ஆகஸ்டில் ஒருநாள் நான் பூச்சி கட்டும் மேசைக்கு எதிரே வந்து உட்கார்ந்தாள்.

"அதுங்க பசிக்கு வரல டெல்பர்ட். கோவத்துல வருது. ஒவ்வொரு குஞ்சும் தனக்குன்னு ஒரு கல்லப் பிடிச்சு வச்சிருக்கு. ஆரஞ்சு பளிச்சுனு வந்தா, எவனோ நம்ம எடத்துக்கு வந்துட்டான்னு நெனச்சுப் பாயுது. அந்த ஆவேசத்துல முள்ளு தொண்டை வரைக்கும் போயிருது. திருப்பி விட்டாலும் பொழைக்கிறதில்ல."

"நான் பெரிய மீனுக்குத்தாம்மா கட்டுறேன்."

"பெரிசு ஒண்ணு கடிக்கிறதுக்குள்ள சின்னது ஒரு கூடை செத்துருது. ஆத்துல மீன் கொறைஞ்சதுக்கு இதுவும் ஒரு காரணம். சனிக்கிழமை மீன்பிடிக்கிறவங்க கூட்டத்துல ஆரஞ்சு வேண்டாம்னு சொல்லப் போறேன். உங்ககிட்ட மொதல்ல சொல்லணும்னு தோணுச்சு. பச்ச வால் வச்சுக் கட்டிப் பாருங்களேன். பேரு உங்க பேராவே இருக்கட்டும்."

என் பெயரை எனக்கே தானம் கொடுத்தாள். நான் நன்றி சொன்னேன்.

ஊர் வாய்க்கு மூடி ஏது? மறுநாள் காலை உணவு விடுதிக்குள் நுழைந்ததும் அடுப்படியிலிருந்து ரெஜி குரல் கொடுத்தான். விடுதி அவனுடையது, வாயும் அவனுடையதுதான்.

"புள்ளபுடிக்கிறவன் வந்துட்டாம்ப்பா. அவங்கவங்க புள்ளைங்கள உள்ள கூப்பிட்டுக்கங்க."

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். புளூபெர்ரிப் பழம் வைத்துச் சுட்ட பை ஒரு துண்டு வரவழைத்து, முழுவதையும் சாப்பிட்டேன். அதன் ருசி கூட நினைவிருக்கிறது.

எங்கள் ஆற்றில் வசந்தத்தில் பனிக்கட்டி உடைந்து போகும்போது அடித்தரையை உழுதுவிட்டுப் போகும். போன வருடம் முழங்கால் ஆழம் இருந்த இடத்தில் இந்த வருடம் ஆளை விழுங்கும் குழி இருக்கும். அதனால் ஒவ்வொரு வருடமும் நான் கழி ஊன்றி நடந்து பார்த்து, எதிர்க்கரையில் இரண்டு மரங்களில் துணி கட்டுவேன். ஒன்று நீரோரம், இன்னொன்று மேட்டில். இரண்டும் ஒன்றன்மேல் ஒன்றாகத் தெரியும்படி பார்த்துக்கொண்டே நடந்தால் தொடைக்கு மேல் நனையாது. என் துணியை நம்பி இந்த ஊரே ஆற்றைக் கடக்கிறது.

வெள்ளிக்கிழமை மத்தியானம் மேட்டுத் துணியை அவிழ்த்து, ஆற்றோட்டத்தின் திசையில் கொஞ்சம் தள்ளி இருந்த மரத்தில் கட்டினேன். வேறு யாரும் தெரியாமல் இறங்கிவிடக் கூடாதே என்று இக்கரையில் நானே காவல் உட்கார்ந்திருந்தேன். அந்தப் பொறுப்பு எனக்கு உண்டு. ஒரு கிழவர் வந்தார், மீன் இல்லை என்று சொல்லித் திருப்பி அனுப்பினேன்.

பிறகு அவள் வந்தாள், மார்பு வரை ஏறும் ரப்பர் கால்சட்டையோடு.

"தண்ணி ஏறியிருக்கோ?"

"துணியப் பாத்து நட. ஒண்ணும் ஆகாது."

அவள் துணியைப் பார்த்தே நடந்தாள். சொன்னதைக் கேட்ட ஒரே ஆள் அவள்தான், அதைச் சொல்லத்தான் வேண்டும். நடு ஆற்றில் கால் இறங்கியது. கால்சட்டைக்குள் தண்ணீர் புகுந்தால் கல்லைக் கட்டிய மாதிரிதான். குழி தாண்டிப் பாறையைப் பிடித்துக்கொண்டு என் பக்கம் கை நீட்டினாள். படகு அவிழ்த்தபடிதான் கிடந்தது, கழி என் கையில் இருந்தது. அவள் பிடி விடும்வரை பார்த்துக்கொண்டு நின்றேன். நேரம் ஆயிற்று. என் பெயரைத்தான் கூப்பிட்டாள்.

துணியைப் பழைய இடத்தில் கட்டுவதற்குள் கீழே தூண்டில் போட்டவர்கள் அவளைப் பார்த்துவிட்டு ஓடிவந்தார்கள். போலீஸ் என்று நீங்களும் வந்தீர்கள். விபத்து என்று எழுதிக்கொண்டு போனீர்கள். நான் பேசாமல் இருந்திருக்கலாம், எனக்கும் அது தெரியும்.

ஆனால் ரெஜி என் தோளில் கை போட்டான். "விடு டெல்பர்ட். வயசாச்சு, கண்ணு மங்கிருச்சு. துணி தப்பா கட்டிட்ட. யாரும் உன்னக் குத்தம் சொல்லல." சனிக்கிழமை கூட்டத்தில் அவள் எழுதி வைத்திருந்ததைப் படித்து ஆரஞ்சைத் தடை செய்தார்கள், அதைப் பொறுத்துக்கொண்டேன். அடுத்த வசந்தத்தில் துணி கட்ட வேறு ஆளைப் போட்டார்கள். பாவம் என்று என்னைப் பார்த்துத் தலையாட்டினார்கள்.

அதற்காகத்தான் வந்தேன். கோபத்தில் செய்ததாக எழுதாதீர்கள், எனக்குக் கோபமே வருவதில்லை. குழி எங்கே இருக்கிறது என்று எனக்கு அங்குலம் அங்குலமாகத் தெரியும். அவளைக் கொன்றது நான்தான் என்று எழுதுங்கள், அதற்குக் கீழே கொட்டை எழுத்தில் இதையும் எழுதுங்கள்: டெல்பர்ட் ஒருநாளும் துணியைத் தப்பாகக் கட்டியதில்லை.